மண்ணுக்கு உடுப்பு

எங்கள் ஒழுங்கையில் காலையில் முற்றம் கூட்டாத வீடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எனக்கு அடுத்த வீடு.

நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். விடியக் கண் விழித்ததும் விளக்குமாற்றுச் சத்தம் கேட்காவிட்டால் எனக்கு அந்த நாளே சரிவராது. கூட்டாத முற்றம் என்றால் அங்கே செத்தவீடு நடந்திருக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டில் ஆளே இல்லை. வேறொரு காரணமும் இருக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் கொழும்பில், வெள்ளவத்தையில், நடுச்சுவரால் இரண்டாகப் பிரித்த ஒரு வீட்டின் இந்தப் பாதியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்த முதல் காலை, பின்மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. அந்தப் பக்கம் ஒரு சாண் மண்கூடத் தெரியவில்லை. மாவிலை, ஈரப்பலா இலை, தேங்காய்ப் பொச்சுமட்டை, மரச்சீவல் என்று நிலம் முழுக்க மூடிக் கிடந்தது. நடுவிலே கத்தரியும் கொழும்பார் கொச்சிக்காய் என்கிற மிளகாயும் ஒரு தேசி மரமும் மட்டும் செழிப்பாக நின்றன. செத்துப்போனவர் யாரோ என்று நான் மனதுக்குள் இரங்கிக்கொண்டிருக்கும்போதே, தேசி மரத்துக்குப் பின்னால் இருந்து ஒரு அம்மா நிமிர்ந்தார்.

"புதுசா வந்திருக்கிறீங்களா மகள்?"

"ஓம் அன்ரி. கூட்டுறதுக்கு ஒருத்தரும் வாறேல்லையோ?" என்று கேட்டேன். உதவி செய்யும் எண்ணத்தில்தான் கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இது விழுந்தது இல்ல மகள். போட்டது" என்றார். பிறகு குனிந்துவிட்டார்.

எங்கள் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது. அவரது பெயரை நான் சொல்லப்போவதில்லை. பெயர் சொல்லிக் கதைத்தால் ஆட்கள் விசாரிப்பார்கள், விசாரித்தால் அவருக்குப் பிடிக்காது. இப்போது அவர் இருந்த மற்றப் பாதியில் வேறு குடும்பம் இருக்கிறது. பின்வளவுக்குச் சீமெந்து போட்டு, மோட்டார் சைக்கிள் இரண்டு நிறுத்தியிருக்கிறார்கள். நல்ல மனிதர்கள், தீபாவளிக்குப் பலகாரம் தருகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் தேத்தண்ணிக் கோப்பையோடு மதிலடிக்குப் போகிற என் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

அவர் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர். துறைமுகப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பனியில் தொலைபேசி இணைப்பாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். மெலிந்த உடம்பு, கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி, ஹவுஸ்கோட்டுக்குக் கீழே ஆண்கள் போடுகிற கன்வஸ் சப்பாத்து. கல்யாணம் ஆகவில்லை என்றுதான் நினைக்கிறேன். கேட்கவில்லை. நானும் தனியாகத்தான் இருந்தேன். என் கதையை அவரும் கேட்கவில்லை. எங்களுக்கிடையே நெஞ்சளவு மதில் ஒன்று இருந்தது, அதற்கு மேலால் நாங்கள் மண்ணைப் பற்றிக் கதைத்தோம்.

புத்தகங்களில் இதற்கு மூடாக்கு என்றும் பத்திரக் கலவை என்றும் பெயர் போட்டிருக்கிறார்கள். அவர் சொன்னது உடுப்பு. மண்ணுக்கு உடுப்பு. வெயிலில் காய்கிற வெறும் மண்ணைக் கண்டால் அவரால் தாங்க முடியாது. ஹெவ்லொக் டவுன் பக்கம் ஒரு பெரிய வீட்டின் முன்னால், வெள்ளைக் கூழாங்கல் பரப்பி நடுவில் ஒரு பனையை நட்டிருந்தார்கள். ஒரு நாள் அதைக் கடந்து போகும்போது, "பாருங்க மகள், இரும்புச் சட்டை போட்டு வெயில்ல நிக்கவைச்சிருக்காங்க" என்றார். அதைவிட மோசம் கூட்டிய முற்றம். "வெறும் மேலோட கிடக்குது" என்பார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அந்த முற்றம் பெரும்பாலும் என்னுடையதாகத்தான் இருக்கும்.

எந்த மண்ணுக்கு எந்த உடுப்பு என்பதில் அவருக்குப் பிடிவாதமான கருத்துகள் இருந்தன. எல்லாம் சரியான கருத்துகள் என்று சொல்லமாட்டேன். வெள்ளவத்தை மண் கடற்கரை மண். ஊற்றிய தண்ணீர் சொல்லாமல் கொள்ளாமல் கீழே போய்விடும். அதனால் அடியில் பொச்சுமட்டை போடவேண்டும், அது தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். அதற்கு மேல் சீவல், அதற்கு மேல் சருகு. ஈரப்பலா இலையை முழுசாகப் போட்டால் தட்டுப் போலக் கிடந்து மழையைத் தள்ளிவிடும், கையால் நொறுக்கித்தான் போடவேண்டும். வெட்டின புல்லைப் பச்சையாகக் குவித்தால் உள்ளே அவிந்துபோகும். எதைப் போட்டாலும் செடியின் கழுத்தை விட்டு ஒரு கை தள்ளிப் போடவேண்டும், கழுத்து நனைந்தால் அழுகும். ஒருமுறை பச்சை மரத்தூளை அள்ளிப் போட்டு, அவரது கொச்சிக்காய் எல்லாம் மஞ்சள் பிடித்துப் போனது. கறையானும் வந்தது. "அது என்ர பிழை இல்ல, தூளின்ர பிழை" என்றார். பிழையை ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை.

மரச்சீவல் பொரளையில் இருந்து வந்தது. அங்கே சவப்பெட்டி செய்கிற கடை ஒன்றில் சும்மா கொடுப்பார்கள். ஒரு நாள் பொரளையில் அலுவல் முடித்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றபோது, அவர் ஒரு மூட்டையை இழுத்துக்கொண்டு வருவதைக் கண்டேன். இரண்டு அடி இழுப்பதும் நிற்பதும் இடுப்பைப் பிடிப்பதுமாக வந்தார். சுற்றி அத்தனை இளைஞர்கள் நின்றார்கள், ஒருவரைப் பார்த்து ஒரு சொல் சொல்லவில்லை. நான் ஓடிப்போய் ஒரு மூலையைப் பிடித்தேன்.

"வேணாம் மகள், பாரம் இல்ல."

"பாரமில்லாட்டி ஏன் அன்ரி மூச்சு வாங்குது?"

"அது வயசு" என்றார், மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து இழுபறிப்பட்டதில் மூட்டை வாய் பிரிந்து கொஞ்சம் சீவல் கொட்டியது. எனக்குச் சரியான கோபம். விடவில்லை. பஸ்ஸில் ஏற்றும்போது கொண்டக்டர் சிங்களத்தில், இது என்ன மூட்டை என்று கேட்டான். அவர் அமைதியாக, "மினீ பெட்டி கடேன்" என்றார். சவப்பெட்டிக் கடையில் இருந்து என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் எழும்பிப் பின்னால் போய்விட்டார்கள். எங்களுக்கு இருக்க இடம் கிடைத்தது. வெள்ளவத்தை வரும்வரை நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார், ஆனால் கன்னம் துடித்ததைக் கண்டேன்.

அன்றோடு என்னோடு ஒட்டிவிட்டார் என்று நினைத்தேன். மறுநாள் காலை மதிலின் மேல் ஒரு தட்டில் தேங்காய்ப்பூ டொபி இருந்தது. நான் மூட்டை தூக்கியதற்குப் பதில். அவரது வழக்கம் அது. யாராவது ஒரு துரும்பை எடுத்துக் கொடுத்தாலும் விடிவதற்குள் பதில் வந்துவிடும். தட்டை நன்றாகக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். டொபி நல்ல ருசி, ஆனால் கணக்குத் தீர்த்துவிட்டது போல இருந்தது.

அவரைப் பற்றி இத்தனை நாள் யோசித்ததில், மண்ணைவிட முக்கியமான விஷயம் இதுதான் என்று தோன்றுகிறது. அவர் யாரிடமும் எதையும் கேட்கமாட்டார். கடையில் சாமான் கேட்பார், அது வேறு. உதவி என்று, தயவு என்று, ஒரு கரண்டி சீனி என்றுகூட யாரிடமும் கேட்டதை நான் காணவில்லை. மின்குமிழ் எரிந்துபோனால் மாற்றத் தெரிந்தவர் யாராவது தற்செயலாக வரும்வரை மெழுகுதிரி. பூட்டு இறுகினால் எண்ணெய் விட்டு அரை நாள் போராட்டம். ஒருமுறை இதைப் பற்றி வாய்விட்டே கேட்டேன்.

"முப்பது வருசமா காதுல அந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருந்தேன் மகள். அந்த லைன் தாங்க, இந்த லைன் தாங்க எண்டு ஊர் உலகமெல்லாம் என்னைத்தான் கேட்டுது. நான் ஒருத்தரையும் கேக்கிறதில்ல எண்டு அப்பவே முடிவு செய்துட்டேன்" என்றார்.

இது ஒரு காரணமா? வேறு ஏதாவது இருந்திருக்கும். எப்போதோ ஒருமுறை கேட்டு, யாரோ இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் துருவவில்லை. ஆனால் எனக்குள் ஒரு பிடிவாதம் ஏறிவிட்டது. இவர் ஒரே ஒரு தடவையாவது என்னிடம் ஏதாவது கேட்கவேண்டும். அற்ப விஷயமாக இருந்தாலும் சரி. அலுவலகம் விட்டு வந்து கதவைத் திறந்தால் எனக்கும் பேச்சுக்கு ஆள் இல்லை. என்னை யாருக்காவது வேண்டியிருந்தது என்ற நினைப்போடு ஒரு நாளாவது படுக்கைக்குப் போக ஆசைப்பட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

டெங்கு பார்க்க மாநகரசபையில் இருந்து ஆட்கள் வருவார்கள். ஒரு தடவை வந்த இளம் பரிசோதகர் அவரது வளவைப் பார்த்து மிரண்டுவிட்டார். இவ்வளவு பொச்சுமட்டையா, எல்லாவற்றிலும் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகும், தண்டம் எழுதவேண்டும் என்று சிங்களத்தில் சத்தம் போட்டார். அன்ரி குந்தியிருந்து, சருகை விலக்கி, ஒவ்வொரு மட்டையாகக் காட்டினார். எல்லாம் குப்புறக் கிடந்தன. ஒன்றிலும் ஒரு துளி தேங்க வழியில்லை. பரிசோதகர் என் பக்கம் வந்து, நான் செம்பருத்திக்குக் கீழே வைத்திருந்த பூச்சாடித் தட்டில் புழு கண்டுபிடித்து எனக்கு எச்சரிக்கை எழுதினார். மதிலுக்கு அப்பால் இருந்து இருமல் சத்தம் ஒன்று கேட்டது. சிரிப்பை அடக்குகிற இருமல்.

உரமும் இல்லை, மரக்கறி விலையும் தொடமுடியாது என்று நாடே தவித்த காலம் ஒன்று வந்ததே, அப்போது ஒழுங்கையில் எல்லோரும் தோட்டக்காரர் ஆனார்கள். தொடர்மாடிகளில் இருந்து ஆட்கள் இறங்கி வந்து அவரது கேற்றடியில் நிற்பார்கள். எதைப் போடுவது, எவ்வளவு போடுவது என்று கேட்பார்கள். அவர் திருப்பி ஒரு கேள்விதான் கேட்பார். என்ன செடி என்றோ என்ன மண் என்றோ கேட்பதில்லை.

"தண்ணி யார் விடுறது?"

மூன்றாம் மாடி டாக்டர் வீட்டம்மா, வேலைக்கு நிற்கிற பெண் விடுவாள் என்றார். "அப்ப கொஞ்சம் காய்ஞ்ச புல்லு போதும்" என்று அனுப்பினார். மூலை வீட்டு மாஸ்டர், காலையில் தானும் பின்னேரம் மனைவியும் என்றார். "உங்களுக்கு நியூஸ் பேப்பர் கிழிச்சுப் போட்டாலே காணும்." கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற இளம் சோடிக்குத் தும்புத்தூள். ஆள் குறையக் குறைய உடுப்பின் கனம் கூடிக்கொண்டு போனது. இந்தக் கணக்கு எனக்குச் சில நாட்கள் கழித்துத்தான் பிடிபட்டது.

பிடிபட்ட பிறகுதான் உறைத்தது. எல்லோரையும் கேட்டவர் என்னைக் கேட்கவில்லை. கடைசியாக நானும் முற்றம் கூட்டுவதை ஒரு மூலையில் விட்டுக்கொடுத்து, கத்தரி நாலு கன்று வைத்திருந்தேன். அவர் மதிலால் எட்டி ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"உங்களுக்குப் பொச்சுமட்டைதான் மகள். அடியில ரெண்டு அடுக்கு. என்னைப் போல."

மட்டைகளை அவரே மதிலுக்கு மேலால் ஒவ்வொன்றாகத் தந்தார். நான் வாங்கி வாங்கிக் குப்புற அடுக்கினேன். எனக்கு அழுகை வந்தது, குனிந்து நின்றதால் அவருக்குத் தெரியவில்லை.

பிறகு அவருக்குக் கண்ணில் ஒப்பரேஷன் வந்தது. "கொட்டாஞ்சேனையில கொஞ்ச நாள் நிப்பேன் மகள்" என்று மட்டும் சொன்னார்.

"செடியளுக்கு நான் தண்ணி விடுறன் அன்ரி. பின்கதவுத் திறப்பைத் தாங்கோ."

"ஒண்டும் வேணாம். உடுப்புப் போட்டிருக்கு. அது பாட்டுக்கு நிக்கும்."

நின்றது. மழை இல்லாத அந்த நாட்களிலும் ஒரு இலை வாடவில்லை. நான் மதிலடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், வாடினால் ஏறிக் குதித்துத் தண்ணீர் விடலாமே என்று. வாடவே இல்லை.

அவர் திரும்பி வருவதற்கு முந்தின நாள் நான் அலுவலகத்தில் இருந்து வந்தபோது, அவரது வீட்டில் கலகலவென்று சத்தம். அவரது பழைய கோயில் செபக் கூட்டத்துப் பெண்கள் கொட்டாஞ்சேனையில் இருந்து வந்திருந்தார்கள். உறவுக்காரி ஒருத்தியிடம் திறப்பு வாங்கி, அவர் வரும்போது வீடு பளிச்சென்று இருக்கட்டும் என்று கழுவித் துடைத்திருந்தார்கள். பின்வளவையும் விடவில்லை. சருகு, சீவல், மட்டை எல்லாவற்றையும் வாரி, மாநகரசபைக் குப்பை லொறிக்குக் கொடுத்துவிட்டார்கள். வெள்ளை மணலில் ஈர்க்கு விளக்குமாற்றுக் கோடுகள் வரிசையாக அழகாகக் கிடந்தன.

"பாத்தீங்களா, எப்பிடிக் கிடந்த இடம்!" என்றார் ஒரு அம்மா, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "பாவம், கண் தெரியாம எத்தினை நாள் கூட்டாம விட்டிருக்கிறா!"

நான் என்ன சொல்லட்டும்? எந்தத் தமிழ்ப் பெண்ணும் செய்கிற அன்புதான் அது. என் கண்ணுக்குக்கூட அந்த மணல் ஒரு நொடி அழகாகத்தான் தெரிந்தது. ஆனால் கொச்சிக்காய்ச் செடிகளின் மெல்லிய வேர்கள் ஈரத்தைத் தேடி மேலே வந்து, உடுப்புக்குள்ளேயே ஓடியிருந்திருக்கின்றன. விளக்குமாறு அவற்றையும் சேர்த்து வாரியிருந்தது. மறுநாள் வெயில் ஏறுவதற்குள் எல்லாம் தலை தொங்கிவிட்டன.

அவர் வந்தார். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. அந்தப் பெண்கள் கையைப் பிடித்துப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார்கள். நான் மதிலடியில் நின்றேன். அவர் ஒரு முறை வளவைச் சுற்றிப் பார்த்தார். "கடவுள் ஆசீர்வதிப்பார், எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறீங்க" என்றார். எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்து, கோடியல் கரைத்துக் கொடுத்து, கேற்றடி வரை போய் வழியனுப்பினார். பிறகு வந்து பின்படியில் இருந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் வெகுநேரம் இருந்தார்.

"அவையிட்டச் சொல்லியிருக்கலாமே அன்ரி" என்றேன்.

"என்னத்தைச் சொல்றது? எனக்காக வந்து செய்தவங்க மகள்." பிறகு, "நான் வாறேன் எண்டு தெரிஞ்சாத்தானே வந்து கூட்டுவாங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவர் எங்கே போகிறார், எப்போது வருகிறார் என்று யாருக்கும் சொல்வதில்லை. எனக்கும் இல்லை. அந்த உறவுக்காரியிடம் இருந்து திறப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டார், பூட்டையும் மாற்றினார். ஒரு காலை கதவு சாத்தியிருக்கும், நாலு நாள் கழித்துத் திறந்திருக்கும். அவ்வளவுதான் செய்தி. வளவை மறுபடி மூடினார். இந்த முறை முன்னரைவிட இரண்டு மடங்கு கனமாக. நான் ஹெவ்லொக் டவுன் தெருக்களில் மாவிலை பொறுக்கி இரண்டு உரப்பை நிறையக் கொண்டுவந்து, கேட்காமலே மதிலுக்கு மேலால் கொட்டினேன். மறுநாள் தட்டில் டொபி.

அவருக்கு இடைக்கிடை தலைசுற்று வருவது எனக்குத் தெரியும். நடந்துகொண்டே இருப்பவர், தேசி மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். அதைக் கண்ட நாள் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அன்ரி, ஒரு திறப்பை என்னட்டத் தாங்கோவன். நான் வந்து கரைச்சல் தரமாட்டன். ஏதும் நடந்தா ஆர் பாக்கிறது?"

"பார்ப்பம் மகள்" என்றார். நான் கேட்டதையே அவரால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். அன்று முழுக்க வெளியே வரவில்லை.

அந்த வருஷம் மாசி மாதம் கொளுத்திய வெயிலில் தொடர்மாடிப் பூச்சாடிகள் எல்லாம் காய்ந்து கருகின. ஒரு காலை அவரது பின்கதவு சாத்தியிருந்தது. எங்கேயோ போய்விட்டார் என்று நினைத்தேன். தேத்தண்ணியோடு மதிலடியில் நின்று எட்டிப் பார்த்தேன். கத்தரி பச்சை, புதுக் கொச்சிக்காய் பச்சை, தேசியில் பூ. எல்லாம் சுகமாக இருக்கிறது என்று நிம்மதியாக வேலைக்குப் போனேன். மறுநாளும் எட்டிப் பார்த்தேன், பச்சை. வேலைக்குப் போனேன்.

அடுத்த காலை பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ஓட்டோ வந்தது. பாண் விற்கிறவர் சிங்களவர், தமிழ் கொஞ்சம் கதைப்பார். அன்ரியின் கேற்றடியில் ஓட்டோவை நிறுத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ், ஆன்ரி எங்க? முந்தாநாளும் வரல்ல, நேத்தும் வரல்ல."

"எங்கயோ போயிட்டா போல."

"இல்ல மிஸ். போனா எனக்குச் சொல்லும். நிக்க வேணாம், சும்மா பெற்றோல் வீண் எண்டு சொல்லும்."

எனக்கு ஒரு பக்கம் நெஞ்சு பதறியது. மறுபக்கம், பாண்காரருக்குச் சொல்கிறவர் எனக்குச் சொல்லவில்லையே என்று சுருக்கென்றது. அந்த நேரத்திலும் அது வந்தது. பிறகு நாங்கள் இருவரும் தொடர்மாடிக் காவலாளியும் சேர்ந்து முன்கதவை உடைத்தோம். குசினிக்கும் குளியலறைக்கும் நடுவில் தரையில் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. உயிர் இருந்தது. என்னை அடையாளம் கண்டார்.

"வேலைக்கு நேரம் போகுதே மகள்" என்றார்.

இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் போட்டார்கள். அங்கிருந்து அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை, வேறு எங்கேயும் போகவும் இல்லை. எலும்பு அவரைக் கொல்லவில்லை, பிறகு நெஞ்சில் கட்டின சளிதான் கொண்டுபோனது. ஆனால் நான் போய்ப் பார்த்த அந்தப் பின்னேரம் நன்றாகத்தான் இருந்தார். தலைமாட்டில் ஓரேஞ்சுப் பழங்கள் இருந்தன, செபக் கூட்டத்துப் பெண்கள் கொண்டுவந்தவை. நான் கட்டிலோரம் இருந்தேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு போனதைக் கேட்டுவிட்டேன்.

"விழுந்து கிடக்கேக்க என்னைக் கூப்பிட்டனீங்களோ அன்ரி?"

அவர் போர்வை நுனியை நேராக்கினார். "நீங்க வேலையால களைச்சு வருவீங்க" என்றார். நான் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒருக்காக் கூப்பிட்டேன். மெல்லமா."

மெல்லமாக. ஒரு சுவர்தான் நடுவில். நான் அந்தப் பக்கம் ரேடியோ கேட்டுக்கொண்டு சோறு சாப்பிட்டிருப்பேன்.

"செடி எப்பிடி நிக்குது?" என்று அவர் பேச்சை மாற்றினார்.

"பச்சையா நிக்குது. ஒண்டும் வாடேல்லை."

அவரது முகம் மலர்ந்தது. அந்த ஆஸ்பத்திரி வெளிச்சத்தில் அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. "பாத்தீங்களா? இவ்வளவு வெயிலுக்கும் ஒருத்தரும் தேவைப்படல்ல" என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. நோயாளி என்றும் பார்க்கவில்லை, வாட்டு என்றும் பார்க்கவில்லை.

"அதாலதான் நான் வரேல்லை! ஒவ்வொரு நாளும் எட்டிப் பாத்தனான். பச்சையா நிண்டுது. அன்ரிக்கு ஒண்டும் இல்லை எண்டு போட்டு வேலைக்குப் போனனான். அதில ஒரு செடி வாடியிருந்தாலும் முதல் நாளே மதில் ஏறிக் குதிச்சிருப்பன்."

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவர் கண்ணை மேலே மின்விசிறியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். கேற்றடியில் வந்து நிற்பவர்களுக்கு எதைப் போடலாம் என்று யோசிக்கும்போது இருக்கிற அதே முகம். என் கை கட்டிலில் கிடந்தது. அவர் அதைப் பார்க்காமலே தன் கையை அதன் மேல் வைத்தார்.

"அப்ப ஒரு மூலையை வெறும் மேலா விட்டிருக்கலாம், என்ன மகள்?"

"விட்டிருக்கலாம் அன்ரி" என்றேன்.